அலுவிகாரையில் எழுதி முடித்த நூல்

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை வீதியில் மூன்று கிலோமீற்றர் அளவு போனால் அலுவிகாரை. அங்குள்ள பாறைக் குகைகளில்தான், கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில் பௌத்த மறைநூலான திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் ஏறியது என்பது மரபு. அச்சகங்களுக்கு ஒப்புநோக்கிக் கொடுப்பது என் தொழில். கதைக் கொப்பியோடு வரும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இந்த வரலாற்றைத்தான்.

அதுவரை அவ்வளவும் பிக்குகளின் மனப்பாடத்தில் இருந்தது. தென்னிந்தியப் படையெடுப்பும் நெடும் பஞ்சமும் சேர்ந்து வந்தபோது ஓதத் தெரிந்தவர்கள் மாண்டுபோனார்கள். மகாநித்தேசம் என்ற பகுதி ஒரேயொரு பிக்குவுக்குத்தான் பாடமாக இருந்ததாம். அவரோ ஒழுக்கம் கெட்டவர். அவரிடம் போய்க் கற்கக் கூசிய மகாரக்கித தேரரை வற்புறுத்தி அனுப்பினார்கள் என்கிறது திரிபிடகத்துக்கான பழைய பாளி உரை. உங்கள் நாவலும் ஒரேயொரு கொப்பியில் இருக்கிறதென்றால், தம்பி, முதலில் அதைப் படியெடுங்கள்.

திருத்தம் பற்றியும் அந்த உரைகளில் ஒரு செய்தி உண்டு. பஞ்ச காலத்தில் அறுபது பிக்குகள் மலைப்பகுதியில் கிழங்கும் இலையும் தின்று உயிர் பிழைத்தார்கள். உட்காரத் தெம்பில்லாதபோது மணலைக் குவித்து அதில் தலைசாய்த்தபடி ஓதினார்கள். பஞ்சத்தில் கடல் கடந்து போயிருந்த மற்றப் பிக்குகள் அது தீர்ந்து திரும்பி வந்ததும், இரு தரப்பும் சேர்ந்து ஓதி ஒப்பிட்டார்கள். ஓர் எழுத்தும் பிசகவில்லையாம். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம், ஆனால் அந்த முறையில் குறை காண முடியாது. உங்கள் அத்தியாயத்தை வாய்விட்டு வாசியுங்கள்; இன்னொருவர் கேட்கட்டும். கண் தாண்டிப் போன பிழையை, வாசிக்கும்போது தட்டும் நாக்கு காட்டிக்கொடுக்கும்.

ஏட்டில் எழுதுவது இலேசான வேலை அல்ல. தாளிப்பனையின் இளங்குருத்தை அவித்து, காயவைத்து, தேய்த்து மழமழப்பாக்கி, அளவாக நறுக்கித் துளையிட வேண்டும். எழுத்தாணியால் கீறிய பின் கரியும் குங்கிலிய எண்ணெயும் பூசித் துடைத்தால்தான் எழுத்துத் தெரியும். கீறியதை அழிக்க வழியில்லை. அதனால் சொல்லை முடிவு செய்துவிட்டே ஆணியை எடுத்தார்கள். கணினியில் எழுதுகிறவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை; ஆகவேதான் பலர் முதல் அத்தியாயத்தையே வருடக்கணக்கில் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். இறுதி அத்தியாயம் வரை ஒருதரம் எழுதி முடித்துவிட்டு, பிறகு திருத்த உட்காருங்கள் என்று நான் வற்புறுத்துவது அதற்காகத்தான்.

1848 மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது அலுவிகாரையின் ஏட்டுச்சாலை அழிந்தது. நெஞ்சு பொறுக்காத இழப்பு அது. என்றாலும் திரிபிடகம் அழியவில்லை. அதற்கு முன்பே விகாரை விகாரையாக, பர்மா வரைக்கும் படிகள் போயிருந்தன. ஆனால் பழைய சிங்கள உரைகளுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்துக்கு வந்த புத்தகோசர் அவற்றைத் தழுவிப் பாளியில் உரைகள் எழுதினார். பாளி உரைகள் பரவின. சிங்கள மூலங்களைப் படியெடுக்க ஆளில்லாமல் போயிற்று. இன்று அவற்றில் ஒன்றுகூட நம்மிடம் இல்லை.