இரவுக்காட்சித் தைலவண்ண ஓவியம்

நிலவு, விண்மீன், விளக்கு ஆகியவற்றின் குறைந்த ஒளியில் தெரியும் திறந்தவெளியை, ஆளிவிதை எண்ணெயில் குழைத்த நிறமிகளைக் கொண்டு துணியிலோ பலகையிலோ தீட்டுவது இரவுக்காட்சித் தைலவண்ண ஓவியம் எனப்படும். ஜெர்மானியரான ஆடம் எல்ஷைமர் 1609இல் செப்புத் தகட்டில் தீட்டிய எகிப்துப் பயணக் காட்சியில் முழுநிலவும் பால்வீதியும் இடம்பெற்றுவிட்டன. எனினும், 1841இல் ஜான் ராண்ட் தகரக் குழாயில் வண்ணத்தை அடைக்கும் முறையைக் கண்டறிந்த பிறகே அதை வெளியே எடுத்துச் செல்வது எளிதாயிற்று.

இக்கலையின் உண்மையான இடர் கண்ணில் உள்ளது. ஒளி குறையும்போது சிவப்பு கறுத்து, நீலம் துலங்கித் தெரியும். இதனைப் புர்க்கின்யே விளைவு என்பர். ஆகவே இருளில் நிற்கும் ஓவியர் தாம் குழைக்கும் நிறத்தையே சரியாக அறிய இயலாது. விளக்கேற்றினாலோ, இருளுக்குப் பழகிய கண் கூசி, எதிரிலுள்ள காட்சி மறைந்துவிடும். விஸ்லர் 1870களில் தேம்ஸ் ஆற்றின் இரவை மனத்தில் பதித்துக்கொண்டு வந்து, பிறகு ஓவியக்கூடத்தில் தீட்டினார். வான் கோ 1888இல் ஆர்ல் நகரத் தெருவிலேயே நின்று தீட்டியதோடு, இருட்டில் நீலத்தைப் பச்சையென மயங்க நேரும் என்பதையும் அறிந்தே துணிந்தார். இந்தியாவில் ரவிவர்மாவின் 'நிலவொளியில் பெண்' (1889) குறிப்பிடத்தக்கது.

திருவண்ணாமலையில், 1922க்குப் பின் உருவான ரமணாசிரமப் பகுதி இக்கலைக்கு அரிய களமாகும். ஆசிரமம் மலையின் தென்னடிவாரத்தில் அமைந்திருப்பதால், ஆடிப் பௌர்ணமியில் தென்வானில் தாழ்ந்து செல்லும் நிலவு பாறைச்சரிவை நேர்முகமாக ஒளியூட்டுகிறது. கார்த்திகையிலோ நிலவு உச்சிக்கு அருகே ஏறுவதால், பாறைகளின் தலை மட்டும் வெளுத்து அடிப்பகுதி இருளில் அமிழ்கிறது. முழுநிலவை ஒட்டி வரும் கார்த்திகைத் தீபத்தன்று, மலையுச்சிக் கொப்பரையில் எரியும் நெய்ச்சுடரின் செம்மஞ்சளும் நிலவின் வெண்ணீலமும் ஒரே சட்டகத்துள் எதிரெதிர் நிற்பதைப் போன்ற காட்சி ஓவியருக்கு எளிதில் வாய்ப்பதன்று. சுடரை வெறும் வெள்ளையால் தொட்டால் அது அணைந்தாற்போல் ஆகிவிடும். சுற்றுவானை மங்கிய நீலத்தில் அடக்கி, சுடரைச் செறிந்த செம்மஞ்சளால் ஒரே தீற்றலில் இடுவதே தக்கது. மலையின் கருமைக்கும் தனிக் கறுப்பைவிட, அல்ட்ராமரைன் நீலத்தையும் எரித்த அம்பர் பழுப்பையும் கலந்து பெறும் ஆழமான இருளே உயிர்ப்புடையது. தைலம் காற்றின் ஆக்சிஜனை ஏற்று நாள்கணக்கில் இறுகுவதாலும், கார்த்திகை மழைமாதமாதலாலும், அடுக்கடுக்காக ஏற்றாமல் ஈரத்தின்மேல் ஈரமாக ஒரே அமர்வில் முடித்துவிட்டு, மறுநாள் பகலொளியில் நிறங்களைச் சரிபார்ப்பது பொருத்தமான முறையாகும்.