கொட்டகையிற் பிறந்த பந்தய வண்டி

மொறிஸ் மைனர் என்னும் காரை அறியாதார் இலங்கையிலே மிகச் சிலரே. கொழும்பு வீதிகளில் வாடகைக் காராகவும், ஊர்ப்புறங்களிற் குடும்பக் காராகவும் அது நெடுங்காலம் ஓடியது. அதனை ஆக்கிய பொறியியலாளர் அலெக் இசிகோனிஸ், தம் இளமையிலே ஓய்வு நேரங்களில் ஒரு கொட்டகையிலிருந்து பந்தயக் கார் ஒன்றைக் கையாற் கட்டியவர். அந்தக் கதையை அறிந்தோர் அத்துணைப் பலரல்லர்.

இசிகோனிஸ் 1906ஆம் ஆண்டிலே சிமேர்ணா நகரிற் பிறந்தார். தந்தையார் கிரேக்க வழியினர். கப்பல் எந்திரத் தொழிற்சாலை நடத்தியவர். பிரித்தானியக் குடியுரிமை பெற்றவர். 1922இல் துருக்கியப் படை நகரை நெருங்கியபோது, பிரித்தானியக் கடற்படை அக்குடும்பத்தை மோல்ற்றாத் தீவுக்குக் கொண்டு சேர்த்தது. தந்தையார் அங்கேயே காலமானார். மறு ஆண்டில் தாயும் மகனும் இங்கிலாந்தை அடைந்தனர். இலண்டன் பற்றர்சி தொழில்நுட்பக் கல்லூரியிற் பயின்ற இளைஞரைக் கணிதப் பாடம் மும்முறை தோற்கடித்தது. வரைதலிலோ அவருக்கு நிகரானவர் அரியர்.

அக்காலத்து இங்கிலாந்தில் எளியோரும் கார்ப்பந்தயத்தில் இறங்குதற்கு வழி செய்தது, 1922இல் வெளிவந்த ஒஸ்ரின் செவன் என்னும் சிறு கார். பழைய வண்டியொன்றை மலிவாக வாங்கி, மேலுடலைக் கழற்றிவிட்டு, வார இறுதியிற் குன்றேறும் ஓட்டங்களிலே கலந்துகொள்ளும் இளைஞர் பலர் இருந்தனர். இசிகோனிசும் அத்தகைய ஒஸ்ரின் ஒன்றை வைத்திருந்தார். அதிலிருந்த குறையையும் கண்டுகொண்டார்.

அவ்வண்டியின் முன்சில்லுகள் இரண்டும் ஒரே அச்சிற் பூட்டப்பட்டிருந்தன. அவ்வச்சைக் குறுக்கே கிடந்த ஒரே வில்தகடு தாங்கியது. இடச்சில்லு கல்லில் ஏறினால் வலச்சில்லும் சாயும். அடிச்சட்டமோ மெல்லியது, மேடுபள்ளத்தில் அதுவும் முறுகி வளையும். சட்டமே வில்லாக வளையுமாயின், உண்மையான வில் எவ்வளவு நன்றாக அமைந்தும் பயன் என்ன? முதலில் உடல் விறைப்பாக வேண்டும். அதன் பின்னரே சில்லுகளை மென்மையாகத் தாங்கும் வில்லமைப்பைப் பற்றிப் பேசலாம்.

இந்த எண்ணத்தை நண்பர் ஜோர்ஜ் டௌசனுடன் சேர்ந்து செயலாக்கினார். பகலில் அலுவலகத்தில் வரைபலகை; இரவிலும் விடுமுறையிலும் அரமும் சுத்தியலும். வேலை முடிய ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் சென்றன. 1938இலேதான் வண்டி உருப்பெற்றது. அதற்கு ‘லைற்வெயிற் ஸ்பெஷல்’ எனப் பெயரிட்டனர்; எடை குறைந்த வண்டி என்பது கருத்து. வழக்கமான அடிச்சட்டம் அதில் இல்லை. அலுமினியத் தகடு போர்த்த ஒட்டுப்பலகைகளே இரு பக்கச் சுவர்களாகவும் உடலைத் தாங்கும் உறுப்புகளாகவும் நின்றன. நான்கு சில்லுகளும் தனித்தனியே அசைந்தன. உருக்கு வில்லுக்குப் பதிலாக முன்புறம் அமுங்கும் றப்பர் வளையங்கள். பின்புறம் இழுபடும் றப்பர் வளையங்கள். பின்னது, சிறுவர் கவணில் றப்பர் இழுபடுவதை ஒத்தது.

பெருநிறுவனங்கள் பல அடிச்சட்டத்தையும் ஒற்றை அச்சையும் விடாதிருந்த காலத்தில், இரண்டு நண்பர்கள் கொட்டகையிலே இவ்வளவு துணிந்தது வியப்புக்குரியது. ஆனால், துணிவுக்கு இடமளித்ததும் அக்கொட்டகையே எனலாம். அங்கே கணக்குக் கேட்கும் பணிப்பாளர் சபை இல்லை. பிழைத்தால் நட்டம் இருவருடையதே. இருவரும் மாறி மாறி அதனை ஓட்டினர். 1939இல் மூண்ட போர் ஓட்டங்களை நிறுத்தியது. போர் ஓய்ந்தபின் வண்டி மீண்டும் களம் புகுந்தது.

இசிகோனிஸ் 1936இலேயே மொறிஸ் நிறுவனத்திற் சேர்ந்திருந்தார். ஜாக் டானியல்ஸ் என்பாருடன் அவர் ஆக்கிய தனித்தியங்கும் முன்சில்லு அமைப்பு, போரினால் தடைப்பட்டு, 1947இல் எம்.ஜி. கார் ஒன்றில் வெளிவந்தது. 1948இல் மைனர் பிறந்தது. அதன் முன்சில்லுகளைத் தாங்கியவை முறுகி மீளும் உருக்குக் கோல்கள். கார் ஒடுக்கமாகத் தோன்றவே, மாதிரி வண்டியை நடுவே பிளந்து, நான்கு அங்குலம் அகற்றிப் பார்த்து அவர் அளவை முடிவு செய்தார். கணிதம் கைவிட்டவருக்குக் கண்ணே அளவுகோலாயிற்று.

1956இல் எழுந்த சுயஸ் நெருக்கடி பெற்றோலை அரிதாக்கிற்று. சிற்றளவான கார் வேண்டுமென்ற ஆணையும் பிறந்தது. 1959 ஓகஸ்ற் 26ஆந் திகதி வெளிவந்த மினியின் நீளம் பத்தடி. சில்லின் விட்டம் பத்தங்குலம். இங்கே றப்பர் மீண்டும் வந்தது. ஆயினும் லைற்வெயிற்றின் வளையங்களே மினிக்குள் வந்தன என்று கொள்வது தவறு; மினியின் றப்பர்க் கூம்பு அலெக்ஸ் மோல்ற்றன் என்பாரின் ஆக்கம். அவர் றப்பர்த் தொழிற் குடும்பத்திற் பிறந்தவர். மினியின் எடை ஏறத்தாழ அறுநூறு கிலோகிராம். நால்வர் ஏறினால் அதன் பாதியளவு சுமை கூடிவிடும். சாதாரணச் சுருள்வில் அச்சுமையில் அளவுமீறித் தாழ்ந்துவிடும். றப்பர்க் கூம்போ அமுங்க அமுங்க விறைக்கும். இடமும் சிறிதே கொள்ளும்.

மினியைப் பந்தயக் காராக்கலாம் என்று ஜோன் கூப்பர் கூறியபோது, ஒருகாலத்துப் பந்தயக்காரரான இசிகோனிஸ் தயங்கினார். அவர் அதனைப் பொதுமக்களுக்கென்றே ஆக்கியிருந்தார். கூப்பரோ நிறுவனத் தலைவர்களின் இசைவைப் பெற்றார். 1961இல் மினி கூப்பர் வெளிவந்தது. 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொன்ரே கார்லோ நெடுந்தொலை ஓட்டத்தில் மினி வாகை சூடியது. 1966இலும் முதலாவதாக வந்தது. முகவிளக்கு பற்றிய விதியொன்றைக் காட்டி நடுவர்கள் அவ்வெற்றியைப் பறித்துவிட்டனர்.