எல்லைக்கல் புகட்டும் பாடம்

போடிமெட்டில் நின்று மேற்கே நோக்கும் பிள்ளைகட்கு அரசின் மூன்று அங்கங்களையும் அவ்விடத்திலேயே விளக்கிவிடலாம்.

1953 டிசம்பரில் மத்திய அரசு, அதாவது நிர்வாகத்துறை, மாநிலச் சீரமைப்புக் குழுவை அமைத்தது. அதன் தலைவர் ஜனாப் சையித் பஸ்ல் அலீ. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழர் கோரினர். குழுவோ அவை கேரளத்துடனேயே இருக்கப் பரிந்துரைத்தது. ஆயினும் பரிந்துரை சட்டமாகிவிடாது. 1956-இல் நாடாளுமன்றமே சட்டம் இயற்றிற்று; நவம்பர் 1-இல் அது நடைமுறைக்கு வந்தது.

நீதித்துறையின் பணி யாது? அதே பஸ்ல் அலீ, 1950-இல் உச்சநீதிமன்ற நீதிபதியாக, ஏ.கே. கோபாலன் வழக்கில், ஒருவரைச் சிறையிலடைக்கும் சட்டமுறை நியாயமாகவும் இருத்தல் வேண்டுமென மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். 1978-இல், மேனகா காந்தி வழக்கில், நீதிமன்றம் அவர் வழிக்கே வந்தது.

எல்லையால் மனம் நொந்தோரும் அறியத்தக்கது இது: அதிகாரம் ஓரிடத்தே குவியாமையே குடிகளுக்குக் காவல்.