ஓகர் வரைகலைப் பொறியைத் தொகுத்தல்

ஓகர் என்பது சி++ நிரல்மொழியில் எழுதப்பட்ட, முப்பரிமாணக் காட்சிகளை வரையும் கட்டற்ற வரைகலைப் பொறி ஆகும். இதன் மூலநிரலைப் பெற்று, அதைத் தொகுப்பி, இணைப்பி ஆகியவற்றின் துணையுடன் பயன்படுத்தத்தக்க நூலகமாக மாற்றுவதே ஓகரைத் தொகுத்தல் எனப்படுகிறது. ஆயத்தமான இருமக் கோப்புகள் பல இயங்குதளங்களுக்குக் கிடைத்தாலும், அவை பயனரின் தொகுப்பியோடு பொருந்தாதபோதும், பொறியையே மாற்றியமைக்க வேண்டியபோதும் இம்முறை தேவைப்படுகின்றது.

பின்னணி

ஓகரை ஸ்டீவ் ஸ்ட்ரீட்டிங் தொடங்கினார். 1.0 பதிப்பு 2005 இல் வெளியானது. 2009 இல் வெளிவந்த டார்ச்லைட் என்னும் கணினி விளையாட்டு இப்பொறியைக் கொண்டு உருவாக்கப்பட்டது. தொடக்கத்தில் எல்ஜிபிஎல் உரிமத்தின் கீழ் இருந்த ஓகர், 2010 இல் வெளியான 1.7 பதிப்பிலிருந்து எம்ஐடி உரிமத்துக்கு மாறியது. மூலநிரலை மாற்றும் உரிமையை இரண்டுமே வழங்குகின்றன; ஆயினும் தொகுக்க இயலாத மூலநிரலால் அவ்வுரிமை ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

தொகுக்கும் முறை

1.7 பதிப்பு முதல் சிமேக் என்னும் கருவி பயன்படுகிறது. இக்கருவி தானாக எதையும் தொகுப்பதில்லை. கணினியில் உள்ள நூலகங்களைத் தேடி, லினக்சில் மேக் கோப்புகளையும், விண்டோசில் விசுவல் ஸ்டுடியோ திட்டக் கோப்புகளையும் உருவாக்கித் தருகிறது. தொகுப்பு வேலையை மூலநிரல் உள்ள அடைவில் செய்யாமல் தனி அடைவில் செய்வது நன்று. தவறு நேர்ந்தால் அவ்வடைவை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். சிமேக் தான் முன்பு கண்டறிந்தவற்றை ஒரு கோப்பில் சேமித்து வைப்பதால், விடுபட்ட நூலகத்தை நிறுவிய பின்னரும் பழைய விடையையே அது தரக்கூடும். அந்தக் கோப்பை நீக்கினால் தீரும் சிக்கல்கள் பல.

சிமேக் இறுதியில் அச்சிடும் பட்டியலைப் படிக்காமல் கடந்து செல்வது பெருந்தவறு. கட்டாயமான நூலகம் இல்லையெனில் வேலை அங்கேயே நின்றுவிடும். விருப்பத்திற்குரியது இல்லையெனில் தொகுப்பு வெற்றியுடன் முடியும். குறை பின்னரே வெளிப்படும். எடுத்துக்காட்டாக, பழைய பதிப்புகளில் ஃப்ரீஇமேஜ் நூலகம் இன்றித் தொகுக்கப்பட்ட பொறியால் ஜேபெக், பிஎன்ஜி படிமங்களைத் திறக்க இயலாது.

பிழைகளும் தீர்வுகளும்

ஒரு பிழை நூறு பிழைகளை ஈன்றெடுப்பது சி++ தொகுப்பியின் இயல்பு. எனவே திரையில் கடைசியாகத் தெரிவதை விட்டுவிட்டு, முதலில் தோன்றிய பிழையையே நோக்க வேண்டும்.

தலைப்புக் கோப்பு கிடைக்கவில்லை என்பது மிக எளிய வகை. நூலகம் கணினியில் இருந்தும் இப்பிழை எழக் காரணம், தலைப்புக் கோப்புகள் தனிப் பொதியாக வழங்கப்படுவதே. டெபியன், உபுண்டு ஆகியவற்றில் அப்பொதியின் பெயர் 'டெவ்' என்றும், ஃபெடோராவில் 'டெவெல்' என்றும் முடியும். 2008 இல் வெளியான ஜிசிசி 4.3 வேறொரு காரணத்தால் பழைய மூலநிரல்களைத் தொகுக்க மறுத்தது. அதன் தலைப்புக் கோப்புகள் ஒன்றையொன்று உள்ளிழுப்பது குறைக்கப்பட்டதால், நினைவகப் படியெடுப்புச் செயற்கூறுகள்கூட அறிவிக்கப்படாதவை ஆயின. உரிய தலைப்புக் கோப்பை வெளிப்படையாகச் சேர்ப்பதே இதற்குத் தீர்வு.

'வரையறுக்கப்படாத சுட்டு' என்பது இணைப்பியின் பிழை. பெரும்பாலும் ஒரு நூலகம் கட்டளையில் விடுபட்டிருக்கும் அல்லது வரிசை தவறியிருக்கும். ஓகர் 1.7, 1.8 ஆகியவற்றை பூஸ்ட் இழை நூலகத்துடன் தொகுத்தவர்கள், பூஸ்ட் சிஸ்டம் நூலகத்தையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டியிருந்தது. எல்லா நூலகங்களும் இருந்தும் இப்பிழை எழுந்தால், அவை வெவ்வேறு தொகுப்பிகளால் ஆக்கப்பட்டவையா எனப் பார்க்க வேண்டும். 2015 இல் வந்த ஜிசிசி 5, சரங்களின் உள்ளமைப்பை மாற்றியது. ஆதலால் அதற்கு முன் தொகுத்த நூலகங்கள் புதியவற்றோடு இணைய மறுத்தன. அனைத்தையும் ஒரே தொகுப்பியால் மீளத் தொகுப்பதே உறுதியான வழி.

விண்டோசில் இதற்கு இணையான சிக்கல், வழுநீக்கப் பதிப்பையும் வெளியீட்டுப் பதிப்பையும் கலப்பதாகும். வழுநீக்க நூலகங்களின் பெயர் '_டி' என முடியும். விசுவல் சி++ 2010 முதல் இக்கலப்பை இணைப்பியே தடுத்துவிடுகிறது. அதற்கு முந்தையவற்றில் நிரல் இணைந்துவிடும். ஆனால் இயக்கியதும் காரணம் விளங்காமல் நின்றுபோகும். இரண்டாவதே கொடியது.

தொகுப்பி 'கொல்லப்பட்டது' என்று முடிந்தால் மூலநிரலில் குற்றமில்லை, நினைவகம் போதவில்லை. ஒரே நேரத்தில் நடக்கும் தொகுப்புகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும்.

தொகுத்த பின்னர்

லினக்சில் நிறுவிய நூலகம் இயக்க நேரத்தில் கிடைக்கவில்லையெனில் எல்டிகான்ஃபிக் கட்டளையை நிருவாகியாக இயக்க வேண்டும். ஓப்பன்ஜிஎல், டைரக்ட்3டி போன்ற வரைவு முறைமைகள் செருகுநிரல்களாக இருப்பதால், அவற்றின் அடைவைக் குறிக்கும் அமைவுக் கோப்பில் பாதை தவறாயின், பிழையின்றித் தொகுக்கப்பட்ட பொறியும் எதையும் வரையாது.