கண்டமங்கலத்தைச் சுற்றி ஒரு கோடு

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் பஸ் ஏறினால் வழியில் மூன்று தடவை மாநில எல்லையைத் தாண்ட வேண்டும். மதகடிப்பட்டில் புதுச்சேரி தொடங்கும். திருபுவனை தாண்டியதும் எங்கள் கண்டமங்கலம், மறுபடி தமிழ்நாடு. அரியூரில் திரும்பவும் புதுச்சேரி. கண்டக்டர் எதையும் சொல்ல மாட்டார். பிராந்திக்கடை போர்டுகளைப் பார்த்து நாமே தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

2020 ஊரடங்கில்தான் அந்தக் கோட்டை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன். சாலையின் குறுக்கே இரும்புத் தடுப்பு. அப்பாவின் மாத்திரை புதுச்சேரியில்தான் கிடைக்கும். தடுப்பருகே நின்ற காவலர் அப்பாவுக்குத் தெரிந்தவர். "உங்களத் தெரியாதாண்ணே எனக்கு? ஆர்டர் அப்படி இருக்கு" என்றார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. ஆனாலும் தடுப்பு விலகவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தோம்.

அப்போது நான் முதுகலையில் சர்வதேச உறவுகள் படித்துக்கொண்டிருந்தேன். யதார்த்தவாதிகளுக்கு உலக அரசியல் என்றால் பலம். யாரிடம் எவ்வளவு படை, எவ்வளவு பணம் என்பதுதான் கணக்கு. தாராளவாதிகள் வணிகத்தையும் ஒப்பந்தங்களையும் பொது அமைப்புகளையும் பார்ப்பார்கள். மூன்றாவதாக வந்தது கன்ஸ்ட்ரக்டிவிசம். 1989-இல் நிக்கோலஸ் ஓனஃப் அந்தப் பெயரைக் கொடுத்தார், அலெக்சாண்டர் வெண்ட் அதைப் பரவலாக்கினார். பிரிட்டனிடம் இருக்கும் 500 அணுகுண்டுகளைவிட வடகொரியாவின் 5 குண்டுகள்தான் அமெரிக்காவைப் பயமுறுத்தும் என்பது வெண்ட் சொன்ன உதாரணம். ஆயுதம் ஒன்றுதான், ஆனால் வைத்திருப்பவர் நண்பரா பகைவரா என்பது வேறு. அதைத் தீர்மானிப்பது இவர்கள் தங்களையும் மற்றவரையும் யாராக நினைக்கிறார்கள் என்பது.

வகுப்பில் அமெரிக்கா, ரஷ்யா என்றே பேசுவார்கள். எனக்கு ஞாபகம் வந்தது எங்க ஆயாதான். அவருக்குப் பிறந்த வீடு வில்லியனூர் பக்கம், பிரெஞ்சு மண். வாழ்க்கைப்பட்டது கண்டமங்கலம், சென்னை மாகாணம். 1949-இல் இந்தியா, பிரெஞ்சுப் பகுதிகளுடன் இருந்த சுங்க உடன்பாட்டை முடித்துக்கொண்ட பிறகு, தாய்வீட்டுச் சீர் மூட்டையைக்கூட எல்லையில் அவிழ்த்துக் காட்ட வேண்டியிருந்ததாம். "அதே வயலு, அதே வாய்க்கா, நடுவுல எவனோ நிக்கிறான்" என்பார்.

அந்த வில்லியனூர் கொம்யூனில் இருக்கும் கீழூரில்தான் 1954 அக்டோபர் 18 அன்று வாக்கெடுப்பு நடந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் 178 பேர். இந்தியாவோடு இணைய 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது.

யதார்த்தவாதி உடனே சொல்வார்: "இதுல என்ன அதிசயம்? மே மாதம் தியன் பியன் பூவில் வியட்நாமியரிடம் தோற்ற பிரான்ஸ் இங்கே எப்படி நின்று பிடிக்கும்?" நியாயம்தான். ஆனால் கோவாவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போர்ச்சுகல் பிரான்ஸைவிட ரொம்பச் சின்ன நாடு. இரண்டுமே நேட்டோ உறுப்பினர்கள். இரண்டுக்கும் எதிரே நின்றது ஒரே இந்தியா. பலம்தான் கணக்கென்றால் போர்ச்சுகல் அல்லவா முதலில் போயிருக்க வேண்டும்? அது அசையவில்லை. 1961 டிசம்பரில் ராணுவம் நுழைய வேண்டி வந்தது.

வித்தியாசம் இரு நாடுகளும் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதையில் இருக்கிறது. சலசாரின் போர்ச்சுகல் 1951-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, காலனிகளுக்குக் 'கடல்கடந்த மாகாணங்கள்' என்று பெயர் வைத்தது. கோவா காலனியே இல்லை, போர்ச்சுகலின் உடம்பு என்றானபின் பேச என்ன இருக்கிறது? பிரான்ஸின் 1946 அரசியல் சட்டமோ, மக்கள் சம்மதமில்லாமல் எந்த நிலத்தையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்றது. அந்த ஷரத்தே பிரான்ஸுக்கு மானம் போகாமல் வெளியேற ஒரு வாசலைத் திறந்தது. சம்மதம் கேட்டோம், கொடுத்தார்கள், போகிறோம். குடியரசு என்று சொல்லிக்கொள்ளும் நாடு போகும் விதம் அது.

இந்தக் கதையை ரொம்ப அழகாக்கிவிடவும் கூடாது. கீழூரில் சம்மதம் சொன்னது 170 பேர். ஆயாவின் அண்ணன் தம்பிகளை யாரும் கேட்கவில்லை. 1956-இல் கையெழுத்தான ஒப்பந்தம், அல்ஜீரியா விடுதலையான 1962 வரை பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்குக் காத்திருந்தது. அந்த ஆகஸ்ட் 16-ஆம் தேதிதான் சட்டப்படி புதுச்சேரி இந்தியாவுடையது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு ஆறு மாத அவகாசம். புதுச்சேரியில் இன்னும் 'சொல்தா' வீடுகள் இருப்பதும், பிரெஞ்சுத் தேர்தலில் ஓட்டுப் போடும் தமிழர்கள் இருப்பதும் அந்த ஆறு மாதத்தின் மிச்சம்.

மனிதர்கள் நினைத்து உண்டாக்கியது என்றால் எல்லை பொய் என்று முதலில் எடுத்துக்கொண்டேன். அந்தத் தடுப்புக்கு முன்னால் நின்ற பிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் போய் அறுபது வருஷம் ஆகியும், அவர்கள் விட்டுப்போன அதே கோட்டில், தெரிந்த மனிதர் ஒருவர் தெரிந்த மனிதரைத் திருப்பி அனுப்புகிறார். கோட்டுக்கு உயிர் கொடுப்பது அவருடைய கடமையும் எங்களுடைய கீழ்ப்படிதலும் சேர்ந்துதான்.

மாத்திரை நான்காம் நாள் வந்தது. அரியூர்க்காரர் ஒருவர் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று நீட்ட, இந்தப் பக்கம் நின்று அப்பா வாங்கிக்கொண்டார். நடுவில் நின்ற அதே காவலர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.