ஓரணாச் சிற்றுண்டியிலிருந்து மெரினா மரப்பாதை வரை

1920 செப்டம்பர் 16 அன்று சென்னை மாநகராட்சி மன்றத்தில் ஒரு சிறிய தீர்மானம் நிறைவேறியது. ஆயிரம் விளக்குப் பகுதியில் உள்ள மாநகராட்சிப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பகலில் சிற்றுண்டி கொடுக்க வேண்டும், தலைக்கு நாளொன்றுக்கு ஆகும் செலவு ஓரணாவைத் தாண்டக் கூடாது என்றது தீர்மானம். அப்போது மன்றத்தின் தலைவராக இருந்தவர் நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர்.

அந்த வட்டாரத்தில் ஏழைக் குடும்பங்களே அதிகம். கூலிக்குப் போகும் வீட்டில் மதியச் சோற்றுக்கே வழி தேட வேண்டியிருக்கும்போது பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது எளிதல்ல. பள்ளிக்கூடத்தைக் கட்டி, வாத்தியாரை நியமித்து, கதவைத் திறந்து வைத்தாகிவிட்டது; ஆனாலும் பிள்ளைகள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று மன்றம் கேட்டது. வயிறு காய்கிறது என்பதுதான் பதில். திட்டம் பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. 1922-23இல் இந்தப் பள்ளிகளில் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25இல் 1,671 ஆனது. இரண்டே ஆண்டுகளில் இரு மடங்குக்கும் மேல்!

சென்னை மாநகராட்சி இப்படிப்பட்ட கேள்வி கேட்பதற்காகப் பிறந்த அமைப்பே அல்ல. 1687 டிசம்பரில் கிழக்கிந்தியக் கும்பினியார் வழங்கிய பட்டயத்தின்படி, 1688 செப்டம்பர் 29இல் அது நடைமுறைக்கு வந்தது. நத்தேனியல் ஹிகின்சன் முதல் மேயர். உள்ளூர்க்காரர்களை மன்றத்தில் சேர்த்துக்கொண்டால் கோட்டைச் செலவுக்கும் ஊர்ச் செலவுக்கும் அவர்கள் மனமுவந்து வரி கொடுப்பார்கள் என்பது லண்டனில் இருந்தவர்களின் கணக்கு. அந்த வரிப்பணத்தில் நகர மண்டபம், சிறைச்சாலை, பள்ளிக்கூடம் எல்லாம் கட்டுவதாக ஏற்பாடு. மக்கள் வரி கொடுக்க மறுத்தார்கள். தங்களுக்கு என்ன செய்யும் என்றே தெரியாத ஓர் அமைப்புக்குப் பணம் கட்ட எந்த ஊரார் முன்வருவார்கள்?

நம்பிக்கை துளிர்க்க இரண்டு நூற்றாண்டுகள் ஆயின. 1872இல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் நகருக்கு வந்தது. 1914இல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்தில் வடிகட்டிய தண்ணீர் கிடைத்தது. உள்ளாட்சி மன்றங்களில் மக்களின் பிரதிநிதிகள் அமர வேண்டும் என்று 1882இல் தீர்மானம் கொண்டுவந்த ரிப்பன் பிரபுவின் பெயரால், 1913இல் மாநகராட்சியின் வெள்ளை மாளிகை திறக்கப்பட்டது. தியாகராயர் தலைமை ஏற்ற மன்றம் இந்த மாற்றங்களின் விளைச்சல்தான். வரி கட்டுபவன் தெருவில் நின்று கேள்வி கேட்கலாம், பதில் சொல்லும் இடத்தில் அவனுக்குத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருப்பார் என்ற நிலை வந்த பிறகே ஓரணாச் சிற்றுண்டி சாத்தியமானது.

அந்தச் சிற்றுண்டியும் நிலைக்கவில்லை. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவழிக்கக் கூடாது என்று அரசு தடுத்ததால் 1925 ஏப்ரல் 1இல் திட்டம் நின்றது. இரு மடங்கான வருகைப் பதிவேடு ஒரு பக்கம், செலவுத் தலைப்பு பொருந்தவில்லை என்ற குறிப்பு மறுபக்கம், குறிப்பே வென்றது. உள்ளாட்சியின் கையில் சொந்தப் பணமும் அதைச் செலவிடும் அதிகாரமும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு மாநிலம் முழுவதற்குமான திட்டமாகி, 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாகப் பெருகி, 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது வரை நீண்ட கதையின் முதல் வரியை எழுதியது ஒரு நகர மன்றம்.

மாநகராட்சி செய்த இன்னொரு காரியம் இன்று ஏறக்குறைய மறந்தே போயிற்று. அது வானொலி.

சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியில் 1924இல் மதராஸ் மாகாண ரேடியோ கிளப் தொடங்கியது. அந்த ஆண்டு ஜூலை இறுதியிலிருந்தே ஒலிபரப்பும் நடந்தது. பணமுடையால் 1927இல் கிளப் மூடப்பட்டபோது அதன் ஒலிபரப்புக் கருவி மாநகராட்சிக்கு வந்து சேர்ந்தது. பழைய சாமான் அறையில் போட்டுப் பூட்டியிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மாநகராட்சியோ 1930 ஏப்ரல் 1 முதல் தானே நாள்தோறும் மாலையில் ஒலிபரப்பத் தொடங்கியது. பாட்டுக் கச்சேரி இருந்தது, பள்ளிப் பிள்ளைகளுக்கான கதையும் பாடமும் இருந்தன.

ஆனால் கேட்பது யார்? ரேடியோப் பெட்டி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அதை வைத்திருக்க ஆண்டுக்குப் பத்து ரூபாய் உரிமக் கட்டணம் வேறு. தலைக்கு ஓரணா வீதம் 160 பிள்ளைகளுக்கு ஒரு நாள் சிற்றுண்டி கொடுக்கக்கூடிய தொகை அது. ஆகவே மெரினா, உயர் நீதிமன்றக் கடற்கரை, பீப்பிள்ஸ் பார்க், ராபின்சன் பூங்கா ஆகிய இடங்களில் ஒலிபெருக்கிகளை மாநகராட்சி வைத்தது. சில மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் ரேடியோப் பெட்டி போனது. சபாவுக்குச் சீட்டு வாங்க வழியில்லாதவரும் கடல் காற்று வாங்கியபடி கச்சேரி கேட்கலாம் என்றானது. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கும்வரை எட்டு ஆண்டுகள் இந்தப் பணி நடந்தது. அதன்பிறகும் தமிழகத்து ஊர்ப் பூங்காக்களில் ரேடியோ அறை இருந்ததையும், மாலைச் செய்திக்குப் பெரியவர்கள் அதைச் சுற்றி உட்கார்ந்ததையும் ஐம்பது வயதைத் தாண்டிய பலர் நினைவு வைத்திருப்பார்கள்.

அதே மெரினாவில், ஒலிபெருக்கி வந்து ஏறத்தாழ நூறாண்டு ஆன பிறகும், ஒரு சாரார் அலையருகே போக முடியாமல் இருந்தார்கள். சாலையோரத்தில் சக்கர நாற்காலியை நிறுத்திப் பார்த்தால் எதிரே தெரிவது அகன்ற மணல்வெளி. மணலில் இரண்டடி நகர்ந்ததும் முன்னாலுள்ள சிறு சக்கரங்கள் புதையும். பின்னாலிருந்து தள்ளத் தள்ள இன்னும் ஆழமாகப் போகும். கடைசியில் நான்கு பேர் நாற்காலியோடு தூக்க வேண்டும். தன்னை நான்கு பேர் தூக்கிச் சுமப்பதை நூறு பேர் வேடிக்கை பார்க்கும்போது எந்த மனிதருக்குக் கடல் இனிக்கும்? பலர் கேட்டதே இதைத்தான்: எங்களைத் தூக்க வேண்டாம், பாதை போடுங்கள்.

மாற்றுத்திறனாளி அமைப்புகள் பல ஆண்டுகள் விடாமல் வலியுறுத்தின. டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் நாளையொட்டிச் சில நாட்களுக்குத் தற்காலிகப் பாதை போடுவதும் பிறகு பிரித்துவிடுவதுமாகக் காலம் போனது. நிரந்தர மரப்பாதை 2022 நவம்பர் 27இல் திறக்கப்பட்டது. நீளம் 263 மீட்டர், அகலம் 3 மீட்டர், செலவு சுமார் 1.14 கோடி ரூபாய். இரு சக்கர நாற்காலிகள் எதிரும் புதிருமாக வந்தாலும் விலகிப் போகலாம். பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி உண்டு. நடக்கத் தடுமாறும் முதியவர்களுக்கும் அது பெரிய துணை. திறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மாண்டஸ் புயலின் அலை கடல் பக்கத்துப் பகுதியைப் பெயர்த்துவிட்டது. வீண் செலவு என்று அப்போது பேசியவர்கள் உண்டு. அது தவறான பேச்சு. புயலில் சாலை பெயர்ந்தால் யாரும் சாலையே வேண்டாம் என்பதில்லை. மாநகராட்சி பாதையைச் சீரமைத்து மீண்டும் திறந்தது.

கடற்கரைக்குப் போக முதலில் வீட்டு வாசலைத் தாண்ட வேண்டும். அங்கேதான் இன்னும் பெரிய வேலை பாக்கி. பாதசாரிக்கும் சைக்கிள்காரருக்கும் முதலிடம் தரும் கொள்கையை மாநகராட்சி 2014இல் ஏற்றது. பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. கடைவீதி என்றால் முட்டி மோதித்தான் போக வேண்டும் என்றிருந்த இடத்தில் பாட்டியும் பேரனும் கைகோத்து நடக்க முடிகிறது. உட்கார்ந்து இளைப்பாறப் பெஞ்சு இருக்கிறது. அந்தச் சாலையின் பெயர் தியாகராயர் சாலை. ஓரணாத் தீர்மானம் நிறைவேறிய மன்றத்துக்குத் தலைமை வகித்த அதே மனிதரின் பெயர்தான்.

எல்லாத் தெருவும் தியாகராயர் சாலை ஆகிவிடவில்லை. அரை அடி உயர நடைபாதையில் ஏறச் சாய்தளம் இருக்காது. இருந்தால் அதன் முன்னே மோட்டார் சைக்கிள் நிற்கும். அதையும் தாண்டினால் மின்பெட்டி வழிமறிக்கும். பொதுக் கட்டடங்கள் அனைத்தையும் எல்லோரும் அணுகும்படி ஐந்தாண்டுக்குள் மாற்ற வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அதன் விதிகள் 2017இல் வந்தன. கெடு எப்போதோ முடிந்துவிட்டது.

சிற்றுண்டி, ஒலிபெருக்கி, மரப்பாதை மூன்றுமே பெரும் பணம் விழுங்கிய திட்டங்கள் அல்ல. வர முடியாதவர் யார், அவரைத் தடுப்பது எது என்று யாரோ கேட்டதால் நடந்தவை. அந்தக் கேள்வியை இன்று நாம் கேட்கலாம். வார்டு கவுன்சிலர் இருக்கிறார், பகுதி சபைக் கூட்டம் இருக்கிறது. உங்கள் தெரு நடைபாதையில் சக்கர நாற்காலி ஏற முடியவில்லையென்றால் அங்கே எழுந்து சொல்லுங்கள். சென்னையில் இருப்பவர்கள் தொலைபேசியிலும் சொல்லலாம். மாநகராட்சியின் புகார் எண் 1913.