எஸ்தெவெலில் ஒரு வங்கக் கல்

தருமபுரிப் பக்கம் வேடியப்பன் என்று பொங்கலிட்டுக் கும்பிடும் சாமி, பல ஊர்களில் ஒரு நடுகல்தான். ஆநிரை மீட்கப் போய் மாண்ட வீரனின் கல் அது. பல்லவர் காலத்து வட்டெழுத்துக் கற்களில் அரசன் பெயர், ஆட்சியாண்டு, எந்தப் பூசலில் யார் பட்டான் என்ற விவரம் நாலைந்து வரியில் இருக்கும். தகடூரை ஆண்ட அதியமான் இறந்தபின் அவன் கல்லுக்குப் பீலி சூட்டிக் கள் படைத்ததை ஔவையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார்.

கடல் கடந்து மாண்டவனுக்கு யார் கல் நடுவது?

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் அரசு உடல்களைத் தாயகம் கொண்டுவர அனுமதிக்கவில்லை. விழுந்த இடத்திலேயே அடக்கம். வட பிரான்சின் நவ் ஷப்பேலில் 1927-ல் திறந்த நினைவிடத்தில், கல்லறை அறியப்படாத நாலாயிரத்துக்கு மேற்பட்ட இந்தியர்களுக்குப் பெயர் மட்டுமே மிஞ்சியது. அதே பா-த-கலே பகுதியில், எஸ்தெவெல் ஊர் இடுகாட்டில், தன் தாய்மொழியோடு கிடக்கிறார் ஒரு பத்தொன்பது வயது விமானி: இந்திரலால் ராய். பிரெஞ்சும் வங்கமும் பொறித்த கல் அது. வீரனின் சமாதியை மதியுங்கள், தொடாதீர்கள் என்று வேண்டுகிறது வங்க வாசகம். வேடியப்பனைத் தொட்டு எண்ணெய் பூசி வளர்ந்தவர்களுக்கு அந்த விலகல் புதிதாக இருக்கலாம். கல்லை நட்டவர்களின் மனம் புரியாமல் போகாது.

ராய் 1898 டிசம்பர் 2-ல் கல்கத்தாவில் பிறந்தவர். லண்டன் செயின்ட் பால்ஸ் பள்ளியில் படித்தார். தாய் லலிதா ராய், பெண்கள் வாக்குரிமைக்காக 1911-ல் லண்டனில் நடந்த பெரும் ஊர்வலத்தில் இந்தியப் பெண்களோடு நடந்தவர். மகனும் கேட்டதை விடுகிறவரல்லர். கண்பார்வை குறை என்று விமானப் படை முதலில் தள்ளியது. தன் மோட்டார் சைக்கிளை விற்றுப் பெரிய கண் மருத்துவரிடம் காட்டி, அந்த முடிவை மாற்ற வைத்தார் என்பார்கள். 1917 ஏப்ரலில் படையில் சேர்ந்தார்.

டிசம்பரில் அவர் ஓட்டிய எஸ்.இ.5ஏ விமானம் நொறுங்கி விழுந்தது. இறந்துவிட்டார் என்று பிணவறையில் போட்டார்கள், கண்விழித்துக் கதவைத் தட்டினார் என்றொரு கதை உண்டு. கதை எப்படியோ, காயம் ஆறும் மாதங்களில் விமானங்களாகவே வரைந்து தள்ளினார். அந்தப் படங்களில் பல இன்றும் இருக்கின்றன. பறக்கத் தகுதியில்லை என்ற மருத்துவர்களிடம் மன்றாடி, 1918 ஜூனில் 40-ஆம் படைப்பிரிவில் ஜார்ஜ் மெக்கல்ராயின் கீழ் மீண்டும் பறந்தார்.

ஜூலை 6 முதல் 19 வரை பத்து வான் வெற்றிகள். இரண்டு வாரம்கூட இல்லை. 22-ஆம் தேதி கார்வன் ஊருக்கு மேலே ஜெர்மானிய ஃபோக்கர் விமானங்களோடு நடந்த சண்டையில் சுட்டு வீழ்த்தப்பட்டார். அந்த மாதம் முடிவதற்குள் மெக்கல்ராயும் மாண்டார்.

செப்டம்பரில் ராய்க்கு, வான்போர் வீரத்துக்குத் தரும் டி.எஃப்.சி. பதக்கம் அறிவித்தார்கள், இந்தியர் ஒருவருக்குக் கிடைத்த முதல் டி.எஃப்.சி. அதுதான். கொல்கத்தா பவானிபூரில் ஒரு சாலைக்கு அவர் பெயர் இருக்கிறது. அவர் பிறந்த நூற்றாண்டான 1998-ல் இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.